குனிய முடியாதவர்

குனிந்தால் போதும், டைல்ஸ்காரருக்கு நெஞ்சுக்குழியிலிருந்து எரிச்சல் புறப்பட்டுத் தொண்டை வரை ஏறிவிடும். வாயெல்லாம் புளிக்கும். தரையில் கல் பதிக்கிறவர் குனியாமல் எப்படிப் பிழைப்பது?

மருத்துவர் மாத்திரை கொடுத்தார். சாப்பிட்ட கையோடு குனியாதீர்கள், படுக்காதீர்கள், பட்டினியும் கிடக்காதீர்கள் என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். மனைவி காரத்தை நிறுத்தினாள். பால் குடிக்கச் சொன்னார் மாமியார். பாலே ஆகாது என்றார் மைத்துனர். கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்து மதியச் சாப்பாட்டை விட்டுப் பார்த்தார். வெறும் வயிற்றில் இன்னும் அதிகமாக எரிந்தது.

கூட வேலை செய்த சகலை சுவருக்குக் கல் ஒட்டுகிறவர். வாய் சும்மா இருக்காது. இவர் பக்கத்தில் நின்றால் அடுப்பே பற்ற வைக்கலாம் என்பார். இவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு புது வீட்டின் கூடத்தை அன்று மாலைக்குள் முடிக்காவிட்டால் அடுத்த வீட்டுக்கு வேறு ஆள் பார்ப்பதாக மேஸ்திரி சொல்லியிருந்தார். இன்னும் பாதித் தரை பாக்கி கிடந்தது. எரிச்சல் தாளாமல் டைல்ஸ்காரர் ஜன்னலோரம் போய் நின்றார். திரும்பிப் பார்த்தால், அவர் இடத்தில் சகலை மண்டி போட்டு நூல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"என் வேலையப் பிடுங்கப் பாக்குறியா? நான் இன்னும் சாகல."

சகலை நிமிரவில்லை. "சமையக்கட்டுச் சுவரு பாக்கி இருக்கு. நின்னுக்கிட்டே ஒட்டலாம். முதல்ல ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு கொஞ்சம் நடங்க."

"உனக்குத் தரை வராது. உன் முட்டியும் தாங்காது."

"கோணலா வந்தா திட்டுங்க. திட்டுறதுக்குக் குனிய வேண்டாமே."

அந்த முட்டிவலியால்தான் சகலை இத்தனை வருடமும் சுவர் வேலையோடு நின்றவர். எரிச்சலை எடுத்துவிடு சாமி என்று தினமும் கும்பிட்டும் பலனில்லையே என்று நொந்துகொண்டிருந்தார் டைல்ஸ்காரர். எரிச்சல் இப்போதும் போகவில்லைதான். ஆனால் தன் குரல் யார் காதிலும் விழவில்லை என்று இனி எப்படிச் சொல்வது?

சாப்பிட்டார். வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தார். சகலை பதித்த ஒரு கல் மயிரிழை ஏறியிருந்தது, கண்ணை உறுத்தியது. திட்ட வாய் திறந்தவர், தன் முட்டிகளில் கட்டியிருந்த ஸ்பாஞ்சை முதலில் அவிழ்த்து நீட்டினார்.

"இதக் கட்டிக்க. அந்த மூலைக் கல்ல ரப்பர் சுத்தியால மெதுவா ஒரு தட்டு தட்டு, இறங்கிடும்."

சொல்லிவிட்டுச் சமையலறைச் சுவரைப் பார்க்கப் போனார்.