பதினெட்டில் வை

எழுந்து நிற்கச் சொன்னார் டாக்டர். மாட்டேன் என்றேன். எதிரே நாற்காலி போட்டுப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் நிற்பதைப் பார்க்க வந்த பெரிய மனிதர்கள். ஓரத்தில் கேமராவோடு ஒருவன். என் முதுகில் ஒட்டிய பட்டைகளிலிருந்து ஒயர்கள் இறங்கி, சக்கரம் வைத்த மிஷினில் முடிந்தன. அந்த மிஷின் தண்டுவடத்துக்குக் கரண்ட் கொடுத்தால் என் கால்கள் விறைத்து நிற்கும். இந்த ஆராய்ச்சியில் இன்று எனக்குக் கடைசி நாள். நாளை முதல் மிஷின் வேறொருவருக்கு.

நான் லிஃப்ட் மெக்கானிக். மூன்று வருடங்களுக்கு முன்பு இரண்டு மாடி உயரத்திலிருந்து லிஃப்ட் குழிக்குள் விழுந்தேன். தொப்புளுக்குக் கீழே எதுவும் தெரியாமல் போயிற்று. வருகிறவர்கள் எல்லோரும் எப்போது நடப்பாய் என்றுதான் கேட்கிறார்கள். மூத்திரம் எப்படிப் போகிறாய் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை போனில் அலாரம் அடிக்கும். தூக்கமானாலும் துக்க வீடானாலும் ஒதுங்கிப்போய் டியூபைச் செருகியாக வேண்டும். வருடத்தில் நாலைந்து தடவை கிருமி ஏறிக் குளிர்காய்ச்சல் தூக்கிப்போடும். அப்போதெல்லாம் என் மனைவி போர்வைக்கு மேல் படுத்து என்னை அழுத்திப் பிடித்துக்கொள்வாள்.

இரண்டு வாரத்துக்கு முன்பு, பயிற்சி முடிந்ததும் பிசியோ பெண் மிஷினை அணைத்துவிட்டதாக நினைத்துச் சாப்பிடப் போய்விட்டாள். நிற்பதற்கு ஐம்பத்திரண்டு வைப்பாள். அன்று குமிழ் பூஜ்யம் வரை போகாமல் பதினெட்டிலேயே நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் அடிவயிற்றில் ஏதோ முட்டியது. என்னவென்று புரிந்ததும் அழுதுவிட்டேன். எனக்கு மூத்திரம் வந்திருந்தது. அதற்குள் அவள் ஓடிவந்து மிஷினை அணைத்துவிட்டாள். அந்த உணர்வும் போய்விட்டது.

"அண்ணா, டாக்டர்கிட்ட சொல்லிடாதீங்க, வேலை போயிரும்" என்றாள். அவள் மறந்ததை விட்டுவிட்டு, முட்டியதை மட்டும் சொன்னேன்.

"மனசு அப்படி நெனைக்கும். ஃபார்ம்ல அதுக்கு எடமும் இல்ல. நின்ன நேரம், வச்ச அடி, அவ்வளவுதான்" என்றார் டாக்டர். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஃபார்மைக் கிழித்து அவர் வாயில் திணித்திருப்பேன். கை எட்டவில்லை.

இன்று எட்டியது. "பதினெட்டுல வைங்க சார். அதைப் பார்த்து எழுதுங்க. அப்புறம் எவ்வளவு நேரம் வேணும்னாலும் நிக்கிறேன்."

அவர் சிரித்த முகத்தோடு என் காதருகே குனிந்தார். "எல்லார் முன்னாடியும் மானத்தை வாங்காதீங்க."

"என் மானம் நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை போகுது சார்."

கேமராக்காரன் கேமராவைக் கீழே இறக்கினான். டாக்டர் முகத்தில் சிரிப்பு இல்லை. "பதினெட்டுன்னு யார் சொன்னது உங்களுக்கு?"

நான் பிசியோ பெண்ணைப் பார்க்கவில்லை. அவளே சொன்னாள். "நான்தான் சார். அன்னிக்கு அணைக்க மறந்துட்டேன்." சொல்லிக்கொண்டே குமிழைத் திருப்பினாள்.

"கையை எடும்மா."

அவள் எடுக்கவில்லை. பின்னால் நின்ற என் மனைவி தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டினாள். முழுவதையும் குடித்தேன். காத்திருந்தேன். பெரிய மனிதர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். நாலு பேர் எழுந்து போனார்கள். போனில் அலாரம் அடித்தது. மனைவி அதை அணைத்தாள். அப்போதுதான் முட்டியது.

சக்கர நாற்காலியைக் கழிவறைக்குத் தள்ளினார்கள். மிஷின் வாசலைத் தாண்டவில்லை. ஒயருக்காகக் கதவைக் கொஞ்சம் திறந்தே விட்டு, பிசியோ பெண் வெளியே மிஷினைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டியூப் இல்லாமல் உட்கார்ந்து மூன்று வருடம் ஆகிறது. எப்படி விடுவது என்றே மறந்துபோயிருந்தது. வியர்த்துக் கொட்டியது.

"ஆச்சா?" டாக்டரின் குரல் கேட்டது.

"சார், கொஞ்சம் வாயை மூடுங்க" என்றாள் என் மனைவி. அவள் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

வெளியே பேச்சு நின்றது. கதவு இடுக்கில் என் மனைவியின் காதும், அதற்குப் பின்னால் ஃபார்மையும் பேனாவையும் பிடித்திருந்த டாக்டரின் கையும் தெரிந்தன. பேனாவின் மூடி இன்னும் கழற்றப்படவில்லை.