பச்சைத் திரைக்கு இந்தப் பக்கம்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் காலை ஆறு மணிக்குத் தொடங்கிய வேலையை முடித்துவிட்டு, வீட்டுக்கும் போகாமல், ஈனிட் லம் நேராகத் தேவாலயக் கூடத்துக்கு வந்து சேர்ந்தபோது ஞாயிறு பிற்பகல் இரண்டரை மணி. காலணிக்குள் பாதங்கள் வீங்கியிருந்தன. எத்தனை முறை கழுவினாலும் போகாத பிளீச்சிங் வாடை விரல்களில் ஒட்டியிருந்தது.

பிரெக்வித் ஊர் இசைநாடகச் சங்கத்தில் அவள் பதினோரு ஆண்டுகளாக உறுப்பினர். ஆயினும் ஒரு முறைகூட மேடை வெளிச்சத்தில் நின்றதில்லை. மேடையின் இடது ஓரத்தில், திரையின் மடிப்புக்குள், முக்காலியில் அமர்ந்து, வரி மறந்தவர்களுக்கு எடுத்துக்கொடுப்பதே அவள் பணி. முதல் ஆண்டு வேறு ஆள் இல்லை என்று அங்கே உட்கார வைத்தார்கள். பிறகு அவளைப் போல யாராலும் உட்கார முடியாது என்று உட்கார வைத்தார்கள்.

இந்த ஆண்டு ஒன்பது ஆண்டுகளுக்கு முன் போட்ட பழைய நாடகத்தையே மீண்டும் எடுத்திருந்தார்கள். அதில் வரும் ஆலைக்கார விதவையின் வேடத்தை அப்போது செய்தவள் ராசமண்ட் தாக்ரே. பதினெட்டு ஆண்டுகளாகத் தலைமை வேடம் எதையும் பிறருக்கு விட்டுக்கொடுத்தறியாத அவள், முட்டி வலியைக் காரணம் காட்டி இம்முறை ஒதுங்கிக்கொள்வதாகச் சங்கக் கூட்டத்தில் அறிவித்திருந்தாள். அதைக் கேட்ட அன்றிலிருந்து, ஈரப் படுக்கை விரிப்புகளைப் பிழியும் இயந்திரத்தின் இரைச்சலுக்குள், யாருக்கும் கேட்காமல் ஈனிட் அந்த விதவையின் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள்.

வாசலில் செயலாளர் பெரில் பிஸ்கட் டப்பாவோடு நின்றாள். டப்பாவுக்குள் எண் எழுதிய சீட்டுகள்.

"வா ஈனிட். டீ போடத்தானே வந்தே? பால் அந்தப் பக்கம் இருக்கு."

"பாட வந்திருக்கேன் பெரில். விதவை வேஷத்துக்கு."

பெரில் அவளை உச்சி முதல் பாதம்வரை ஒரு முறை பார்த்தாள். "அதுவும் சரிதான். கைய விட்டு எடு. மூணாம் நம்பரா? உனக்கு அடுத்தது ராசமண்ட்."

"அவதான் முட்டி வலி, இந்த வருஷம் வேணாம்னாளே."

"போஸ்டர்ல வேற பேரு வரும்னு தெரிஞ்சதும் முட்டி சரியாப்போச்சு கண்ணு."

ஈனிட் விண்ணப்பத் தாளை வாங்கி நிரப்பினாள். 'கேட்ட வேடம் கிடைக்காவிடில் குழுப் பாடகர் வரிசையில் நிற்கச் சம்மதமா?' என்பது அதன் கடைசி வினா. படிக்காமலே எல்லோரும் சரிக்குறி போடும் வினா அது. அவள் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டாள். இரண்டு ஆசைகள் வைத்துக்கொள்ள அவளிடம் தெம்பு மிச்சமில்லை.

கூடத்தின் நடுவே பச்சைத் திரை கட்டியிருந்தது. சங்கத் தலைவரின் மருமகளுக்கே வேடம் போகிறது என்று ஒரு முறை மூண்ட சண்டைக்குப் பிறகு வந்த ஏற்பாடு அது. பாடுகிறவர்கள் இந்தப் பக்கம். பியானோவும் மதிப்பெண் போடும் மூவரும் அந்தப் பக்கம். எண்தான் உண்டு, பெயர் கிடையாது. ஊரில் யார் குரல் எது என்று எல்லோருக்கும் தெரியும் என்பது வேறு விஷயம்.

ஈனிட்டின் குரலை மட்டும் எவரும் அறிந்திருக்கவில்லை.

எண் அழைக்கப்பட்டதும் எழுந்து பாடினாள். தொண்டை அவள் அஞ்சியதைவிட நன்றாகவே திறந்தது. இரண்டாம் சரணத்தில் நீளமான வரி ஒன்று வந்தது. அதன் நடுவில் நின்று மூச்சு வாங்கிவிட்டு மேலே போனாள். நெஞ்சில் காற்று நிறைய இருந்தது. நிற்க வேண்டிய தேவையே இல்லை. ஆனால் அந்தப் பாட்டை அவள் ஒரே ஒரு வாயிலிருந்துதான் கேட்டிருக்கிறாள்.

பியானோ ஓய்ந்ததும், திரைக்கு அப்பாலிருந்து இசை இயக்குநர் ஹெயிக்கின் குரல் பெயர் சொல்லக் கூடாதென்ற விதியை மறந்து வாஞ்சையோடு வந்தது. "நன்றி ராசமண்ட். இன்னமும் அதே இடத்துல மூச்சு வாங்குற. ஆனா குரல் முன்னவிட நல்லா இருக்கு."

"நான் இன்னும் நாற்காலிய விட்டே எழுந்திரிக்கல, ஹெயிக்" என்றாள் இந்தப் பக்கம் காத்திருந்த ராசமண்ட், டீக் கோப்பையைக் கீழே வைக்காமலே.

அந்தப் பக்கம் யாரோ சிரிப்பை இருமலாக்கி விழுங்கினார்கள். ஈனிட் வந்து உட்கார்ந்தாள். புகழ்ந்தார்களா, பெயரைப் பறித்தார்களா என்று அவளால் பிரித்தறிய முடியவில்லை.

ராசமண்ட் குனிந்து தாழ்ந்த குரலில் சொன்னாள். "என் மூச்சக்கூட விட்டு வைக்கலையே நீ."

"பதினோரு வருஷம் அதத்தானே கேட்டுக்கிட்டு இருந்தேன்."

"நல்லாத்தான் பாடுன" என்றாள் ராசமண்ட். முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அந்த வலி பொய்யில்லை என்பதை ஈனிட் அப்போதுதான் கண்டாள்.

முதல் சரணம் பழைய கம்பீரத்தோடு போயிற்று. இரண்டாம் சரணத்தின் வாசலில் ராசமண்ட் நின்றாள். பியானோ அதே இடத்தை ஒரு முறை சுற்றி வந்தது. மறுமுறையும் சுற்றியது. ராசமண்டின் கை பாவாடையின் ஓரத்தைப் பற்றிக் கசக்கியது.

ஈனிட் சும்மா இருந்தாலே போதும். களைத்துப்போன ஒருத்திக்கு அதைவிட எளிய வேலை உலகில் இல்லை. அவள் அதை எண்ணி முடிப்பதற்குள், எதிரில் நிற்பவருக்கு மட்டும் எட்டி, அதற்கு அப்பால் போகாத அந்தப் பழகிய குரலில், அவள் வாய் வரியைக் கொடுத்துவிட்டது. "விளக்கு எரியட்டும்."

ராசமண்ட் திரும்பிப் பார்க்காமலே அதை வாங்கிக்கொண்டு பாடி முடித்தாள்.

முடிவைப் பெரில் அன்று மாலையே தொலைபேசியில் சொல்வது வழக்கம். தலைமை வேடக்காரர்களுக்கு ஆறரைக்கு அழைப்பு வரும். குழுவினருக்கு எட்டுக்கு மேல். ஆறரை கடந்தது. ஏழு கடந்தது. ரொட்டியின் மேல் டப்பாவில் வந்த பீன்ஸ் குழம்பை ஊற்றிப் பாதி தின்றுவிட்டு, உப்புக் கலந்த வெந்நீர்ப் பாத்திரத்தில் கால்களை வைத்து உட்கார்ந்திருந்தாள் ஈனிட். எட்டேகாலுக்கு மணி அடித்தது.

"ராசமண்டுக்குத்தான் போச்சு" என்றாள் பெரில். "உனக்கு ஒரே ஒரு மார்க்குதான் கம்மி. ரெண்டாம் சரணத்துல அவ மாட்டிக்குவான்னு பாத்தாங்களாம். பியானோவ ரெண்டு சுத்து சுத்த விட்டுட்டு, அழகாச் சமாளிச்சுட்டாளாம். அதுக்குத்தான் அந்த மார்க்கு."

ஈனிட் ரிசீவரை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"இருக்கியா?"

"இருக்கேன்."

"உன் தாள்ல கடைசிக் கேள்வி காலியாக் கிடக்கு. பழையபடி முக்காலின்னு எழுதிக்கவா?"

ஈனிட் தண்ணீருக்குள் தன் பாதங்களைப் பார்த்தாள். சிவந்து, சுருங்கி, யாருடையவோ போலிருந்தன.

"கோரஸ்னு போடு."

"அப்ப முக்காலிக்கு?"

"வேற ஆளப் பாரு."

"ராசமண்ட் வரிய மறந்தா என்ன பண்றதாம்?"

"எனக்குத் தெரியாது பெரில். நான் பின்னாடி பாடிக்கிட்டு இருப்பேன்."

மறுமுனையில் பென்சில் கீறும் ஓசை கேட்டது. "டிக் போட்டுட்டேன். செவ்வாக்கிழமை ஏழு மணி. டீ யாரு போடுவாங்கன்னும் இப்பவே சொல்லிடு."

"நீ போடு" என்று சொல்லி ஈனிட் ரிசீவரை வைத்தாள்.

தண்ணீர் ஆறிவிட்டது. அந்த நீளமான வரியை மெல்லப் பாடிப் பார்த்தாள். நடுவில் தானாகவே நின்றது. மீண்டும் தொடக்கத்திலிருந்து எடுத்து, நிற்காமல் கடந்தாள். அழகாக வரவில்லை, ஆனால் வரியின் முடிவில் காற்று மிச்சமிருந்தது. எழுந்து தண்ணீரை மாற்றத்தான் தெம்பில்லை.