மந்திரிக்காத எஞ்சின்

1.
இது நான் தேடிப்போன கதை அல்ல. கனடாவில், அஜக்ஸ் நகரில் இருக்கும் அன்புராசா அண்ணை என்னைத் தன் கராஜுக்குக் கூப்பிட்டார். "தம்பி, நீர் கதை எழுதுறனீர்தானே. என்ர ஹொட் றொட்டைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தாரும். ஸ்டெபனியை அதிலதான் கலியாணத்துக்குக் கூட்டிக்கொண்டு போறன்."

ஸ்டெபனி அவருடைய ஒரே மகள். கார் 1934ஆம் ஆண்டு ஃபோர்ட்; பழைய காரை வெட்டி ஒட்டி வேக எஞ்சின் பூட்டினால் அதுதான் ஹொட் றொட். கூரையை வெட்டித் தாழ்த்தியிருந்தார். எஞ்சின் விபத்தில் நொறுங்கிய வேறொரு காரினுடையது. காரின் வெறும் கூடு வந்த கையோடு ஃபாதரைக் கூட்டிவந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்துவிட்டார். எஞ்சின் அதற்குப் பிறகுதான் வந்தது.

"அப்ப எஞ்சினை ஆர் மந்திரிச்சது?" என்று அவர் மனைவி றெஜினா அக்கா கேட்டார்.

"விசர்க்கதை. ஞானஸ்நானம் ரெண்டுதரம் குடுக்கிறதே?"

2.
முதல் வரி: 'எஞ்சினுக்குச் சொந்தக்காரர் ஒரு' (நிறுத்திவிட்டேன். யாரென்று ஒருவருக்கும் தெரியாது.)

தெரியாவிட்டால் என்ன, இட்டுக்கட்டுவதுதானே என் பிழைப்பு. வேரோனிக்கா என்று ஒருத்தியைப் படைத்தேன். பனி கொட்டினாலும் தன் பக்கக் கண்ணாடியை நாலு விரல் இறக்கிவிட்டு ஓட்டுவாள். கோயிலுக்குப் போகும் வழியில் 401 நெடுஞ்சாலையில் அடிபட்டுச் சாகிறாள். ஒருவருக்கும் காட்டவில்லை.

அடுத்த நாள் அண்ணை போன் எடுத்தார். "கார்க் கண்ணாடி நிக்குதில்லை, தம்பி. ஏத்திவிட்டால் விடிய நாலு விரல் இறங்கி நிக்குது."

ஓடிப்போய்க் கணினியைத் திறந்தேன். வேரோனிக்காவை அழித்தேன். கண்ணாடி சரியாயிற்று. ஆனால் ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் அந்த நேரம் பார்த்து "டக்கெண்டு நிண்டிட்டுது" என்றார். திருப்பி எழுதினேன். ஸ்டார்ட் ஆயிற்று.

(அடிக்குறிப்பு மாதிரி: அவளைக் கிழவியாக்கிக் கட்டிலில் சாகவிட்டும் பார்த்தேன். விடிய எழுந்து பார்த்தால் என் திரையில் பழையபடி 401.)

3.
"அந்தக் காரில போகாதேங்கோ, அண்ணை" என்று கெஞ்சினேன். "றெஜினா உம்மையும் பிடிச்சிட்டாவோ?" என்று சிரித்தார்.

இன்று கலியாணம். சற்று முன் ஸ்டெபனியின் குரல் மெசேஜ் வந்தது. "அங்கிள், 401இல ரூஜ் ஆத்துப் பாலம் தாண்டிட்டம். டாட் அக்சிலரேட்டரில இருந்து காலை எடுத்திட்டார், பட் கார் ஸ்பீட் குறையுதில்லை. பிரேக்கும் பிடிக்குதில்லை. எனக்குப் பயமா இருக்கு."

வேரோனிக்காவை அழித்தால், லொறிகளுக்கு நடுவில் எஞ்சின் நின்றுவிடும். விட்டுவைத்தால், வேரோனிக்காவுக்குத் தெரிந்தது நான் எழுதிக்கொடுத்த அந்த 401 முடிவு ஒன்றுதான். எனக்கும் பயமாக இருக்கிறது. ஸ்டெபனியைத் தொட்டில் காலத்திலிருந்தே தெரியும்.

முடிவை என்னால் எழுத ஏலாது. நீங்கள் எழுதுங்கள். வாசித்துக்கொண்டிருக்கும்வரை கார் ஓடிக்கொண்டிருக்கும். மெல்ல வாசியுங்கள்.