இடது காலுக்கு ஜெபம்

என் வீட்டுக்காரருக்குத் தெருவில் ‘ஸ்தோத்திரம்’ என்று பட்டப்பெயர். பஸ் கிடைத்தாலும் ஸ்தோத்திரம், கிடைக்காவிட்டாலும் ஸ்தோத்திரம். சட்டையில் மடிப்பு கலையாது. பைபிளின் தோலுறை பளபளக்கும். அந்தச் சனிக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்துக்குப் பாஸ்டரே வந்திருந்தார். சபைக்குப் புது மூப்பர் தேடுகிறார்கள் என்று கேள்வி. மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

கீழ்வீட்டுத் தையல்காரி தனியாள். வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்து மாவுக்கட்டோடு கிடந்தாள். அம்மாவுக்கு முடியவில்லை என்று ஊருக்குப் போயிருந்த நான் அன்று காலையில்தான் திரும்பியிருந்தேன். வந்ததும் டீ போடும் வேலை என் தலையில்.

“ஆண்டவரே, அந்தச் சகோதரியின் இடது காலைத் தொடும்!” என்று இவர் தொண்டை கிழியக் கத்த, சுற்றியிருந்தவர்கள் ஆமென் போட்டார்கள்.

அப்போது தண்ணீர்க் குழாயில் டங் டங்கென்று சத்தம். கீழேயிருந்து யாரோ தட்டுகிறார்கள்.

“பிசாசு எதுத்து நிக்கிறான்! விடாதீங்க, சத்தமா ஜெபிங்க!” என்றார் இவர். கூட்டம் கூரையைப் பிய்த்தது. குழாயும் விடவில்லை.

“பிசாசுமில்ல, பூதமுமில்ல! கீழ அந்தப் பொண்ணு விழுந்து கெடக்குதோ என்னமோ!” என்றேன்.

கண்ணைத் திறக்காமலே கையை ஆட்டினார். “உஷ்! ஆமென் சொன்னப்புறம் போகலாம்.”

“உங்க ஆமென்ல இடி விழ!” என்று அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். பாஸ்டரும் எழுந்து வரவே, மொத்தக் கூட்டமும் பின்னாலேயே படியிறங்கியது.

தையல்காரி குளியலறை வாசலில் கிடந்தாள். கையில் ஊன்றுகோல், அதை வைத்துத்தான் குழாயை அடித்திருக்கிறாள். எழ முடியாமல் அங்கேயே சிறுநீர் போய்விட்டிருந்தது. இத்தனை பேரைப் பார்த்ததும் நைட்டியை இழுத்து இழுத்து மூடிக்கொண்டு அழுதாள்.

இவர் எட்ட நின்றபடியே பைபிளைத் திறந்தார். “சகோதரி, முதல்ல ஒரு சின்ன ஜெபம்...”

“அண்ணே, இத்தன நாளா மேல நீங்க ஜெபிக்கிறதக் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்,” என்றாள் அவள். “இடது கால் நல்லாத்தான் இருக்கு. ஒடஞ்சது வலது. ஒருத்தராவது எட்டிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்.”

யாரோ இருமினார்கள். பாஸ்டர் தரையைப் பார்த்தார். இவர் முகத்தில் ஈயாடவில்லை. அசடு வழிய எதையாவது சொல்லி நழுவிவிடுவார் என்றுதான் நினைத்தேன். நழுவியிருந்தால் அன்றைக்கே மறுபடி மூட்டை கட்டியிருப்பேன், சத்தியமாக.

பைபிளை என் கையில் திணித்தார். வெள்ளை பேன்ட்டோடு அந்த ஈரத்தில் முழங்கால் போட்டார். முழங்கால் போடுவது அவருக்குப் பழக்கம்தான். பேன்ட் அழுக்கானது அன்றைக்குத்தான். “கழுத்தப் பிடிச்சுக்கோம்மா” என்று அவளைத் தூக்கிப்போய்க் கட்டிலில் உட்காரவைத்தார். நான் எல்லாரையும் வெளியே தள்ளி அறைக்கதவைச் சாத்தினேன்.

அவளுக்கு உடை மாற்றிவிட்டுத் திறந்தால், இவர் வாளியும் துணியுமாகத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்கவும் தெரியவில்லை; அழுக்கை மூலைக்கு மூலை தள்ளிக்கொண்டிருந்தார்.

“பிரதர், ஒரு ஜெபத்தோட முடிச்சுக்கலாமா?” என்று பாஸ்டர் மெல்லக் கேட்டார்.

“நீங்க மேல போய் முடிச்சிருங்க பாஸ்டர். எனக்கு இங்க வேலை கெடக்கு.”

பிறகு துணியைப் பிழிந்துகொண்டே கட்டில் பக்கம் திரும்பினார்.

“நீ சாப்பிட்டியாம்மா?”

“இன்னும் இல்லண்ணே,” என்றாள்.