செங்கமலம் வீட்டு நிழல்

1996ஆம் வருஷம் ஆடி மாசம் செங்கமலம் நெய்வேலி ஆர்ச் கேட்டுக்கு வந்து சேர்ந்தபோது, இரண்டு மூட்டைகளும், கண் தெரியாத புருஷன் அய்யனாரும், ஒரு வீட்டின் நிழலும் அவளோடு வந்தன. வீடு வரவில்லை. கம்மாபுரம் பக்கத்தில் அவர்கள் குடியிருந்த தெரு சுரங்கத்துக்குள் போய் ஒரு மாசம் ஆகியிருந்தது. வீடு நின்ற மண் வேறொருவர் பேரில் இருந்ததால் அவள் கையில் காட்டுவதற்குத் துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. நிழல் மட்டும் எப்படியோ அவள் பின்னாலேயே நடந்து வந்துவிட்டது. பஸ் நிற்கிற இடத்துக்குச் சற்றுத் தள்ளி, மரம் மட்டையில்லாத பொட்டலில் அவள் மூட்டையை இறக்கினாள். நிழலும் அங்கேயே இறங்கியது. மேலே பார்த்தால் வெறும் வானம். கீழே பார்த்தால் கூரை விளிம்பும், வாசற்படியும், கூரைமேல் படர்ந்த சுரைக்கொடியும் கோடு போட்டதுபோல விழுந்திருக்கும். ஆவணியில் அந்தக் கொடி நிழல் பூத்தது, கார்த்திகையில் காய்த்தது, தை பிறந்ததும் சருகாகி உதிர்ந்தது. முதல் ஷிப்ட் முடிந்து வரும் கான்ட்ராக்ட் ஆட்கள் துண்டை உதறிப் போட்டு அதில் படுத்துக்கொள்ளப் பழகினார்கள். டீக்கடை தங்கராசு செங்கமலத்திடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு தன் பெஞ்சை அதன் ஓரத்தில் போட்டார். வாசல் வழியாக விழும் வெயில் பட்டை முழங்காலுக்கு வந்தால் மணி பத்து, கணுக்காலுக்கு வந்தால் பதினொன்று என்று அய்யனார் தோலாலேயே கண்டுபிடித்துச் சொல்வார். கைக்கடிகாரம் கட்டியவர்கள்கூடப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதா என்று அவரைத்தான் கேட்டார்கள்.

அந்தக் காலத்தில் மந்தாரக்குப்பம் போகிற ரோட்டில் 'அடைக்கலம்' என்று ஒரு சங்கம் இருந்தது. ரிடையர் ஆனவர்கள் சிலர் சேர்ந்து, போக்கிடம் இல்லாதவர்களுக்காக ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டு எட்டு ஒற்றை அறை வீடுகளைக் கட்டியிருந்தார்கள். வீட்டை யாருக்குக் கொடுக்கலாம் என்று சொல்ல ஐந்து பேர் கொண்ட ஆலோசனைக் குழு ஒன்றும் வைத்திருந்தார்கள். தலைவர் பரமசிவம், இன்ஜினீயராக இருந்தவர். பதிவேட்டில் ஒருமுறை எழுதிய வரியை அடித்து எழுதியதே இல்லை என்பது அவருடைய பெருமை. பதிவேட்டைச் சுமப்பவர் செயலாளர் குழந்தைவேல். அப்புறம் லிடியா டீச்சர். முப்பது வருஷம் சுரங்கத்தில் பெரிய சக்கர மிஷினில் உட்கார்ந்து மண் வெட்டிய அமிர்தநாதன். ஐந்தாவது ஆள் மாணிக்கம்மாள். வீடில்லாமல் இருந்து பார்த்தவர் ஒருவராவது குழுவில் இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. மாணிக்கம்மாள் கேன்டீனில் இட்லி அவித்தவள். பர்மனென்ட் ஆவதற்கு முன்னால் மூன்று வருஷம் விறகுக் கொட்டகையில் படுத்து எழுந்தவள். அதனால் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

ஐந்து கையெழுத்தும் விழுந்தால்தான் எந்த முடிவும் செல்லும். மாணிக்கம்மாளுக்கு அந்த வேலையில் ரொம்பப் பிடித்ததே அதுதான். ஐம்பத்தாறு வயதில் அறிவொளி வகுப்பில் உட்கார்ந்து பேர் எழுதப் படித்தவள். ஏழெழுத்து. நோட்டை எப்போது நீட்டினாலும், மேலே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்காமல், நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு புள்ளியையும் பொட்டு வைப்பதுபோல வைத்து முடிப்பாள். முடித்துவிட்டு ஒரு தடவை தள்ளி வைத்துப் பார்ப்பாள். இரண்டு வருஷமாகக் கூட்டத்தில் அவள் வாய் திறந்தது டீ குடிக்க மட்டும்தான்.

97 சித்திரையில் லிடியா டீச்சர் செங்கமலத்துக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார். விதிப்படி குழு நேரில் பார்வையிட வந்தது. அக்னி நட்சத்திரம், பகல் பதினொரு மணி. தார் ரோட்டைத் தாண்டி வந்த ஐந்து பேரும் நிழல் வாசற்படியைக் கண்டதும், யாரும் சொல்லாமலேயே செருப்பைக் கழற்றி வெளியே விட்டார்கள். பரமசிவம் நிலைப்படி தலையில் இடிக்காமல் குனிந்துகூடப் போனார். அமிர்தநாதனும் குழந்தைவேலும் டேப்பின் இரண்டு முனைகளையும் பிடித்து அளந்தார்கள். பதினெட்டுக்குப் பதினொன்று. செங்கமலம் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தாள். குடித்த லிடியா டீச்சர், கெட்ட எண்ணம் எதுவுமில்லாமல், "எங்க குவார்ட்டர்ஸைவிடக் குளுகுளுன்னு இருக்கேம்மா" என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தையில் காரியம் கெட்டது.

"இது வூடு இல்லீங்க சார், நெழலுங்க" என்றாள் செங்கமலம்.

"வீடு இல்லாம நிழல் எப்படிம்மா விழும்?" என்று கேட்டார் பரமசிவம். அதட்டிக் கேட்கவில்லை. படித்த மனிதருக்கு நியாயமாக வருகிற சந்தேகம்தான் அது. 'சொந்த வீடு: உண்டு. 18 × 11. காற்றோட்டம் நன்று' என்று பதிவேட்டில் ஏறியது. சொந்த வீடு உள்ளவர் கேட்க உரிமையில்லை. ஐந்து கையெழுத்தும் விழுந்தன. மாணிக்கம்மாளுடைய ஏழெழுத்து அன்றைக்கு நன்றாகவே வந்தது.

புரட்டாசியில் ஒரு நாள் மாணிக்கம்மாள் சேத்தியாத்தோப்பில் ஒரு காதுகுத்துக்குப் போக ஆர்ச் கேட்டில் பஸ்ஸுக்கு நின்றாள். வடக்கே கறுத்துக்கொண்டு வந்தது. மேகம் சூரியனை மூடிய உடனே செங்கமலம் வீட்டுக் கூரை விளிம்பு மங்கியது. பிறகு சுரைக்கொடி போயிற்று, வாசற்படி போயிற்று, ஈரத் துணியால் துடைத்த சிலேட்டைப்போல மொத்த வீடும் இல்லாமல் போயிற்று. அதற்கப்புறம்தான் மழை இறங்கியது. பொட்டலில் இரண்டு பேர் மட்டும் யூரியா சாக்கைத் தைத்துத் தலைமேல் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தார்கள். மாணிக்கம்மாள் ஓடிப்போய் தன் குடையை அய்யனார் மேல் பிடித்தாள். சேத்தியாத்தோப்பு பஸ் வந்தது, ஹாரன் அடித்துப் பார்த்தது, போய்விட்டது.

அய்யனாருக்கு நெஞ்சில் சளி கட்டியிருந்தது. இன்னொரு மழைக்காலம் நனைந்தால் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஐப்பசி அடைமழைக்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. கேட்கிற நீங்கள் மனசைப் போட்டு உழப்பிக்கொள்ள வேண்டாம், அதற்கப்புறமும் ஏழு வருஷத்துக்கு மேல் அந்த மனுஷன் நன்றாக இருந்தார். ஆனால் அன்றைக்கு அது மாணிக்கம்மாளுக்குத் தெரியாதே. அவர் இருமும்போது குடைக்கம்பி அவள் கையில் அதிர்ந்தது.

"யக்கா, நோட்டுல எளுதுனவங்கள்ல நீங்களும் ஒருத்தருதான?" என்று கேட்டாள் செங்கமலம்.

"ஆமாம்மா."

"நல்லா எளுதுனீங்க. குண்டு குண்டா, பாத்துகினே இருக்கலாம்போல இருந்துது."

குத்திக் காட்டிச் சொல்லவில்லை, மெய்யாகவே சொன்னாள். மாணிக்கம்மாளுக்கு அதுதான் பொறுக்கவில்லை. விறகுக் கொட்டகை ஓட்டைக்குக் கீழே சட்டி வைத்துவிட்டு விடிய விடிய உட்கார்ந்திருந்த மழையெல்லாம் ஞாபகம் வந்தது. காதுகுத்துக்குப் போகாமல் வீட்டுக்குத் திரும்பி, தலையைக்கூடத் துவட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் தயாராக இருந்தது. ஏழு வீடுகளில் ஆள் வந்தாயிற்று. எட்டாவதற்குத் தகுதியான ஆள் யாரும் இல்லாததால், சங்கத்து பெஞ்சு நாற்காலிகளை அதில் போட்டு வைக்கலாம் என்று குழந்தைவேல் எழுதியிருந்தார். நான்கு கையெழுத்தும் முடிந்து நோட்டு மாணிக்கம்மாளிடம் வந்தது. அவள் முதல் தடவையாக, "என்னா எளுதியிருக்குதுன்னு படிங்க டீச்சர்" என்றாள். லிடியா டீச்சர் படித்துக் காட்டினார். மாணிக்கம்மாள் பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

"ஏம்மா, பேனா எழுதலையா?" என்றார் பரமசிவம்.

"பேனா எளுதுதுங்க சார். கைதான் மாட்டேங்குது."

அவள் நோட்டைப் பரமசிவம் பக்கம் தள்ளினாள். செங்கமலம் வீட்டை மறுபடி ஒருதரம் போய்ப் பார்க்க வேண்டும் என்றாள். உறுப்பினர் யார் கேட்டாலும் மறுபார்வை உண்டு என்று விதி இருப்பதை லிடியா டீச்சர் புரட்டி எடுத்துக் காட்டினார்.

"சரி, ஞாயித்துக்கிழமை போவோம்."

"ஞாயித்துக்கிழமை வேணாங்க. மழ நாளா பாத்துப் போவணும்."

"மழையில எதுக்கும்மா? நனைஞ்சுபோயிருவோம்."

"எப்பிடி சார் நனைவோம்? அதான் வூடு இருக்குதே. பதினெட்டுக்குப் பதினொண்ணு."

அமிர்தநாதன் மட்டும் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். மற்றவர்களுக்கு அதில் குற்றம் எதுவும் தெரியவில்லை. வீடு இருக்கும்போது எப்படி நனைய முடியும் என்றுதான் அவர்களும் நினைத்தார்கள்.

ஐப்பசி இரண்டாம் தேதி வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. ஐந்து பேரும் வந்தார்கள். வீட்டுக்குள் போகப் போகிறோமே என்று பரமசிவம் குடைகூட எடுக்கவில்லை. பொட்டலில் அவர் இந்தப் பக்கம் பத்தடி, அந்தப் பக்கம் பத்தடி நடந்து பார்த்தார். தான் குனிந்து நுழைந்த இடத்தில் ஒருதரம் குனிந்தும் பார்த்தார். "இங்கதானேய்யா இருந்துச்சு?" என்று குழந்தைவேலைக் கேட்டார். குழந்தைவேல் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு எதை அளப்பது என்று தெரியாமல் நின்றார்.

"யாரு புள்ள வந்துருக்கறது?" என்று சாக்குக்கு உள்ளிருந்து கேட்டார் அய்யனார்.

"கமிட்டிக்காரங்க. வூட்டப் பாக்க வந்துருக்காங்க."

"முன்னாடியே சொல்லியனுப்பியிருக்கலாமில்ல? வூடு வெளியூரு போயிருக்குது. வெயிலு வந்தாத் திரும்பிடும், உக்காரச் சொல்லு." சொல்லிச் சிரித்தவர், சிரிப்பு இருமலாகி மடங்கி விழுந்தார்.

பரமசிவம் அங்கேயே வெகுநேரம் நனைந்துகொண்டு நின்றார். வழுக்கையிலிருந்து மூக்கு வழியாகத் தண்ணீர் ஒழுகியது. எழுதிய வரியை அடிக்க அவருக்குக் கை வராது, அது எல்லாருக்கும் தெரியும். வீடு இருந்தது உண்மை, அவரே உள்ளே உட்கார்ந்து தண்ணீர் குடித்திருக்கிறார். இப்போது இல்லை என்பதும் உண்மை. கடைசியில், "குழந்தைவேல், ஒன்பதாம் விதி என்ன?" என்றார்.

"மழை, காற்றில் வீட்டை இழந்தவர்களுக்கு முதல் உரிமை, சார்."

"எழுதுங்க. மேற்படி பதினெட்டுக்குப் பதினொன்று வீடு இன்று பெய்த மழையில் காணாமற்போனதை உறுப்பினர் ஐவரும் நேரில் கண்டோம். எட்டாம் எண் உடனே தரப்பட வேண்டும்."

மை கரைந்து ஓடியதால் பென்சிலால் எழுதினார்கள். மாணிக்கம்மாள் குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஏழெழுத்தும் போட்டாள். விரல் விறைத்துக் கோணல்மாணலாக வந்தது. தள்ளி வைத்துப் பார்க்கவும் நேரமில்லை. அதற்குள் அமிர்தநாதன் குனிந்து அய்யனாரை முதுகில் ஏற்றிக்கொண்டுவிட்டார். மந்தாரக்குப்பம் ரோட்டில் ஒரு வேன்காரர் நிறுத்தி ஏற்றிக்கொள்ளும்வரை யாரிடமும் அவரை மாற்றிக் கொடுக்கவில்லை.

எட்டாம் எண் வீட்டில் அய்யனார் நான்கு சுவரையும் உள்ளங்கையால் தட்டித் தட்டி ஒரு சுற்று வந்தார். தலைக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸில் மழை உலக்கை போட்டுக்கொண்டிருந்தது.

"ஏ புள்ள, மழ எங்க பேயுது?"

"வெளியில."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"வெளியிலதான், யோவ். ஒரு சொட்டுகூட உள்ள இல்ல."

அவர் காலை நீட்டினார். ஒரு வருஷத்துக்கு மேல் குந்தியே பழகிய கால், நீட்டுவதற்கே கொஞ்ச நேரம் பிடித்தது. நீட்டியபடியே தூங்கிப்போனார். அமிர்தநாதன் ஈரச் சட்டையைப் பிழிந்துகொண்டு, "தூங்கட்டும், தூங்கட்டும்" என்று இரண்டு தடவை சொன்னார். மாணிக்கம்மாள் பெரிய மூச்சாக ஒன்று விட்டுவிட்டு, அடுப்பு எந்தப் பக்கம் வைக்கலாம் என்று பார்க்க ஆரம்பித்தாள்.

நாலாம் நாள் வெயில் வந்தது. நிழலும் விசாரித்துக்கொண்டு வந்து சேர்ந்தது. எட்டாம் எண்ணுக்குப் பக்கத்துக் காலியிடத்தில் வாசலைக் கிழக்கே வைத்து விழுந்தது. இரண்டு நாள் கழித்துத் தங்கராசும் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு வந்தார். விண்ணப்பம் கொடுக்க வருகிற பெண்பிள்ளைகளும் கைகால் முடியாதவர்களும் தங்கள் முறை வரும்வரை அதில் உட்கார்ந்தார்கள், உள்ளே வரும்போது செருப்பை வெளியே விட்டார்கள். அதற்கப்புறம் ஏழு வருஷம் குழு கூடிய இடமும் அதுதான். எந்தத் தீர்மானத்தையும் மாணிக்கம்மாளுக்கு இரண்டு தடவை படித்துக் காட்ட வேண்டும். வானம் மூடினால் கூட்டம் பாதியில் கலைந்து எல்லாரும் எட்டாம் எண் வீட்டுக்குள் ஓடுவார்கள். 2005 மாசியில் அய்யனார் படுக்கையில், காலை நீட்டியபடி, காய்ந்த பாயில் போய்ச் சேர்ந்தார்.

வருஷ அறிக்கையில் வீடுகளின் எண்ணிக்கை என்ற இடத்தில் குழந்தைவேல் 'வெயில் நாட்களில் ஒன்பது, மழை நாட்களில் எட்டு' என்று எழுதி வந்தார். 2002இல் கடலூரிலிருந்து சரிபார்க்க ஓர் அதிகாரி வந்தார். வைகாசி வெயில். வீடுகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு போனவர், ஒன்பதாவதற்குள் குனிந்து நுழைந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, செங்கமலம் கொடுத்த தண்ணீரைக் குடித்தார். மழை நாளில் இன்னொரு தடவை வந்து எண்ணிப் பார்க்கட்டுமா என்று கேட்டார். "வாங்க சார், ஆனா குடை எடுத்துகினு வாங்க" என்றாள் மாணிக்கம்மாள். அவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை என்று நினைத்து, அவர் எண்ணிக்கை சரி என எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, வெயில் தாழும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.