லிப்ஸ்டிக் கறைக்கு வெந்நீர்

சலவைக்கூடத்தில் எல்லோரும் அவளைக் கறையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு வருடமாகக் கறை எடுக்கிற மேஜையில் நிற்கிறவள். துணி கொண்டுவருகிறவர்கள் வாய் கூசாமல் பொய் சொல்வார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி. மதுவைக் கொட்டிக்கொண்டு தேநீர் என்பார்கள். அதை நம்பி மருந்து போட்டால் துணி பாழ். அதனால் முகர்ந்து பார்ப்பாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள், சட்டைப்பையைத் துழாவுவாள். அந்தப் புத்தி என்ன, வேலை முடிந்ததும் ஆணியில் மாட்டிவிட்டு வருகிற ஏப்ரனா? அவளோடு வீட்டுக்கும் வந்தது.

கணவன் செருப்புக் கடையில் விற்பனையாளன். பரம சாது. அவள் வேலையைப் பற்றி இத்தனை வருடத்தில் ஒரு வார்த்தை கேட்டவனில்லை. அப்படிப்பட்டவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அவள் பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் வந்து நின்று, துணியில் மை கொட்டினால் உங்கள் கூடத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டான். சொன்னாள். மறுநாள் எண்ணெய்ப் பிசுக்கு. அதற்கடுத்த நாள் பட்டுத்துணியில் வியர்வை. கேட்டதும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டுக் குளியலறைக்குப் போய்விடுவான். போனையும் கையோடு எடுத்துக்கொண்டு போவான்.

குளியலறையில் போனுக்கு என்ன வேலை என்று அவள் மனசில் குறித்துக்கொண்டாள். நான்காம் நாள் அவனே மாட்டிக்கொண்டான்.

"லிப்ஸ்டிக் கறை பட்டா என்ன பண்ணணும்?" என்றான், ஏதோ உப்பு இருக்கா என்று கேட்பதுபோல.

அவள் ஒரு தட்டைத் தேவைக்கு மேல் தேய்த்தாள். லிப்ஸ்டிக்கில் சூடு படவே கூடாது. ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு, துணியின் உள்பக்கமிருந்து ஒற்றி எடுக்க வேண்டும். தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவாள்.

"வெந்நீர்ல ஊறப்போடணும். அப்புறம் நல்லா சூடா இஸ்திரி போட்டு அழுத்தணும்," என்றாள்.

அப்படிச் செய்தால் அந்தக் கறை சட்டை கிழிகிற வரைக்கும் போகாது. செய்யட்டும், எந்தச் சட்டை என்று பார்த்துக்கொள்ளலாம். அன்றிலிருந்து அழுக்குக் கூடையைத் தினமும் கவிழ்த்தாள். காலர், கைமடிப்பு, தோள்பட்டை என்று ஓர் இடம் விடவில்லை. செருப்புக் கடையில் கல்லாவில் உட்கார்கிற பெண் மீதுதான் அவளுக்குக் கண். ஒருமுறை அங்கே போயிருந்தபோது அந்தப் பெண் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தாள்.

பத்து நாள் தேடியும் சட்டையில் ஒரு புள்ளிகூட இல்லை. பதினோராம் நாள் அவள் போனுக்கு ஓர் அழைப்பு வந்தது. பெரிய சலவை நிறுவனம். ஊரெங்கும் கிளை வைத்திருப்பவர்கள். புதுக் கிளையை எடுத்து நடத்த நீங்கள் அனுப்பிய விண்ணப்பம் கிடைத்தது, வியாழக்கிழமை பத்து மணிக்கு நேர்முகம், குடும்பத்தில் ஒருவரையும் அழைத்து வாருங்கள் என்றது ஒரு பெண் குரல். நான் எங்கே விண்ணப்பித்தேன் என்று கேட்க வாயெடுத்தவள், கணவன் எதிரே நின்று கையைப் பிசைவதைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

விஷயம் இவ்வளவுதான். அந்த நிறுவனத்தின் விளம்பரத்தை அவன் இரண்டு தடவை கொண்டுவந்து காட்டியிருக்கிறான். நமக்கெதுக்கு இந்த வம்பு என்று இரண்டு தடவையும் அவள் தட்டிக்கழித்திருக்கிறாள். கடைசித் தேதி நெருங்கவும், அவளிடம் கேட்டதையெல்லாம் குளியலறையில் போனில் குறித்துவைத்து, அவனே அவள் பெயரில் நிரப்பி அனுப்பிவிட்டான். பிரதியை நீட்டினான். அப்போதும் அவள் தாளைத் திருப்பி, பின்பக்கம் வேறு ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்தாள். உரிமையாளர் என்ற இடத்தில் அவள் பெயர் மட்டும்தான் இருந்தது.

இரண்டாம் பக்கத்தில் தொழில் கேள்விகள். நான்காவது லிப்ஸ்டிக். பதில்: வெந்நீர், பிறகு சூடான இஸ்திரி.

"இது தப்பாச்சே," என்றாள் மெல்ல.

அவன் நெற்றியில் அடித்துக்கொண்டான். பராக்குப் பார்த்துக்கொண்டே காதில் வாங்கியிருப்பேன், என் புத்தி அப்படி என்று தன்னையே திட்டிக்கொண்டான். அவள் சொன்னதுதான் தப்பு என்ற நினைப்பே அவனுக்கு வரவில்லை. உண்மையைச் சொல்ல அது நல்ல நேரம். அவள் சொல்லவில்லை.

மூன்று நாள் சாயங்காலமும் அவன் கடைக்குக் கட்டிப்போகிற டையைக் கட்டிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்து அதிகாரி வேஷம் போட்டான். எத்தனை ஆள் வைப்பீர்கள், காணாமல்போன துணிக்கு யார் பொறுப்பு என்று குடைந்தான். அவள் தடுமாறினால் அவனே பதிலை எடுத்துக் கொடுத்தான். அவளுக்குக் கடை வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. தன் மேஜை, தன் மருந்துப் புட்டிகள், தன் பெயர்ப்பலகை. ஆசை வர வர அந்த நான்காவது பதில் உறுத்தியது.

வியாழக்கிழமை கண்ணாடித் தடுப்பு போட்ட அறையில் ஓர் அதிகாரி அம்மாள் இருந்தார். தாளைப் புரட்டினார், நான்காவதில் விரலை வைத்தார், கண்ணாடியைக் கழற்றினார். பதினோரு வருட அனுபவம் என்று போட்டிருக்கிறதே, இது எப்படி என்று கேட்டார்.

"அது என் தப்பு மேடம்," என்று கணவன் முந்திக்கொண்டான். "இவ சரியாத்தான் சொன்னா. நான்தான் காதுல ஒழுங்கா வாங்காம எழுதிட்டேன்."

அதிகாரி தலையசைத்து அடுத்த கேள்விக்குப் போகப் பார்த்தார். அதோடு முடிந்திருக்கும். அவளால் முடியவில்லை.

"இல்ல மேடம். நான் வேணும்னேதான் தப்பாச் சொன்னேன். எதுக்குக் கேக்கறார்னு தெரியல. சந்தேகப்பட்டேன். இவர் சட்டையில அந்தக் கறை இருந்தா, போகாம அப்படியே நிக்கட்டும்னு சொன்னேன்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"வீட்டுக்காரரையே நம்பலன்னா, கடையில வேலை பாக்கறவங்களை எப்படிம்மா நம்புவீங்க?"

அந்தக் கேள்வியை முக்காலி அதிகாரி அவளுக்குச் சொல்லித்தரவில்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கணவன்தான் தொண்டையைச் செருமினான்.

"மத்த பதிலெல்லாம் சரியா இருக்கும் மேடம். கேட்டுப் பாருங்க. இவளை மாதிரி கறை எடுக்கறவங்க கிடைக்க மாட்டாங்க."

அதிகாரி கேட்டார். அவள் ஒவ்வொன்றுக்கும் அடி பிசகாமல் பதில் சொன்னாள். அதிகாரி கடைசியில் சிரித்துக்கொண்டே, எப்போது திறக்க முடியும் என்று கேட்டார். அவள் கணவனைப் பார்த்தாள். அவன் மேஜையைப் பார்த்தபடி, அதை அவளிடமே கேளுங்கள் என்றான். வெளியே வந்து பேருந்தில் ஏறியபோது, அவள் பக்கத்தில் இடம் காலியாக இருந்தும் அவன் வேறு இருக்கையில் போய் உட்கார்ந்தான்.