கோட்டை விட்டு விலகிய புள்ளி

காலையிலிருந்து ஜெயப்பிரியாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆவடிப் பக்கத்து ஆய்வகத்தில் உட்காருவாள், எழுவாள், ஜன்னலுக்குப் போவாள், வாங்கிய காபியை ஆறவிடுவாள். இன்றுதான் விடை தெரியப்போகிறது.

இரண்டு ஸ்ட்ரான்ஷியம் அணுக்கள் ஒட்டிய மூலக்கூறு ஸ்பிரிங் மாதிரி அதிரும். அந்த அதிர்வை எண்ணினால் அதுவே கடிகாரம். கனமான அணுக்களால் ஆன வகையும் லேசான அணுக்களால் ஆன வகையும் எப்படி அதிர வேண்டும் என்பதற்குக் கணக்கு உண்டு. அதை மீறி ஒரு துளி விலகினாலும், இதுவரை எவரும் பார்க்காத விசை ஒன்று அணுக்களுக்கு நடுவே இருக்கலாம். அது இருக்கவேண்டும் என்று அவள் கும்பிடாத சாமியில்லை.

ஆசை கண்ணை மறைக்கும் அல்லவா? அதனால், உடன் ஆய்வு செய்யும் அண்ணனூர் தசரதன் உண்மையான விடை யாருக்கும் தெரியாதபடி அளவுகளோடு ஒரு ரகசிய எண்ணைக் கூட்டி வைத்திருந்தான். அதைக் கழித்து விடையைத் திறக்கும்வரை எதையும் திருத்தலாம். கழித்துப் பார்த்தபின் கைவைக்கக் கூடாது.

அவளை அரித்தது ஒரே விஷயம். மூலக்கூறுகளைப் பிடித்து வைக்கும் லேசர் ஒளியே அதிர்வைச் சற்று மாற்றிவிடும். ஒளியைக் குறைத்துக் குறைத்து அளந்து அதைத் திருத்த வேண்டும். லேசான வகைக்கு ஒழுங்காகச் செய்தாள். கனமானதோ ஒளியைக் குறைத்தாலே நழுவி ஓடியது. அலுத்துப்போய், லேசானதன் திருத்தத்தையே அதற்கும் போட்டுவிட்டாள். சொன்னால் இன்னும் ஆறு மாதம் இழுக்கும். அதற்குள் வெளிநாட்டில் எவனாவது முந்திக்கொள்வான்.

"இன்னாக்கா, தொறக்கலாமா? பூந்தமல்லிலேர்ந்து ஸ்வீட்டு வாங்கியாந்துகீறேன்," என்றான் தசரதன்.

சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. "ம், தொற," என்றாள்.

கணினியில் தட்டி ரகசிய எண்ணைக் கழித்தான். திரையில் கனமான மூலக்கூறின் புள்ளி, கணக்குப்படி வரைந்த கோட்டை விட்டு நன்றாகவே விலகி நின்றது.

"அக்கா! கீதுக்கா! நெசமாவே கீது!" என்று குதித்தான்.

புள்ளியை விலக்கியது எது என்று அவளுக்குத் தெரியவில்லை. விசையா, ஒளியா? "தசரதா, கனமானதுக்கு நான் ஒளியைக் குறைச்சு அளக்கவே இல்ல. லேசானதோட திருத்தத்தையே போட்டுட்டேன்."

அவன் ஸ்வீட் டப்பாவை மேஜைமேல் வைத்தான்.

"இத்த முன்னாடியே சொல்றதுக்கு இன்னாக்கா? இப்ப பாத்துட்டோமே. மொத்தத்தையும் தூக்கிப் போட்டுட்டு மொதல்லேர்ந்து அளக்கணும்."

இத்தனை நாள் வேண்டிக் கேட்டது கண்ணெதிரே நின்றது. அதை நம்ப அவளால் முடியவில்லை. அவன் முன்னாலேயே வாய்விட்டு அழுதாள்.